நீச்சல் தெரிந்த அவரை

பாறைக் குழியில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. அணில் தன் அவரை விதைகளை எல்லாம் அதில் கொட்டியது. அந்தக் காட்டில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்! மற்றதை வண்டு தின்றுவிட்டது. இதுவும் முளைக்காவிட்டால் குட்டிகளுக்குத் தின்னக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"சாமி, நீதான் முளைக்க வைக்கணும்!" என்று அணில் கும்பிட்டது.

தொப்பென்று குதித்தது குரங்கு.

"என்ன அணிலு, விதைக்குக் குளியலா?"

"ராத்திரி பூரா ஊறினா தோல் இளகும் அண்ணே, சீக்கிரம் முளைக்கும். நீங்களும் கொஞ்சம் எடுத்துக்குங்க. ஆளுக்கு ஒரு பக்கம் போடுவோம்!"

காலையில் இருவரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். பாதி விதை அடியில் கிடந்தது. பாதி மேலே மிதந்தது.

"ஆகா!" குரங்கு துள்ளியது. "இதெல்லாம் நீச்சல் தெரிஞ்ச விதை! கெட்டிக்கார விதை! முங்கினது எல்லாம் மக்கு!"

"ஐயோ அண்ணே, மிதக்கிறது வேண்டாம்! அதைத் தூக்கிப் போடத்தானே..."

"நல்லதைக் கொடுக்க மனசு வரலையா? என் வாலில் பாதி உசரம்கூட இல்லை நீ, என்னையே ஏமாத்தப் பாக்குறியா!"

மிதந்ததை எல்லாம் வாரிக்கொண்டு குரங்கு ஓடியது.

அடியில் ஊறிக் கிடந்ததை அணில் பொறுக்கியது. வெயில் படும் இடமாகப் பார்த்து, மண்ணைப் பொலபொலவென்று கிளறிப் புதைத்தது. ஈரம் காயாமல் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தது.

குரங்கோ மிதந்ததைப் புதைத்து, தினமும் சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் ஊற்றியது. "நீந்தி மேலே வாங்கடா செல்லங்களா!"

ஒரு நாள் காலையில் அணிலின் மண் வெடித்தது. வளைந்த கழுத்தோடு முளைகள் எட்டிப் பார்த்தன!

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" அணில் கத்திய கத்தலில் காடே விழித்தது.

குரங்கு பதறிப்போய்த் தன் பாத்தியைத் தோண்டியது. ஒரு விதையை எடுத்துத் தட்டியது. அதில் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து ஒரு வண்டு தலையை நீட்டியது.

"யாருய்யா கதவைத் தட்டுறது?"

"நீ யாரு?"

"வீட்டுக்காரன்! உள்ளே இருந்ததை எல்லாம் நானே தின்னு தீர்த்துட்டேன். வெறும் கூடுதான், அதான் மிதந்துச்சு. ஒரு நாள் படகுச் சவாரி விட்டே, சரி. தினம் தினம் எதுக்குய்யா வெள்ளம் விடுறே?"

குரங்கின் முகம் தொங்கிப் போயிற்று. மெல்ல அணிலிடம் வந்தது.

"அணிலு... அந்த மக்குப் பிள்ளைங்க ஏற நான் பந்தல் போட்டுத் தரட்டுமா?"

"வாங்க அண்ணே! காய்ச்சா உங்களுக்கும்தானே!"

மிதப்பாக மேலே திரிவதை எல்லாம் உயர்வென்று எண்ணிவிடாதீர்கள் பிள்ளைகளே; உள்ளே நிறைந்தது சத்தமில்லாமல் அடியில் கிடந்து, வேளை வந்ததும் தானே தலை தூக்கும்.