முனைப்பாறை தொபியாஸும் ஆலாக் கூட்டமும்

முனைப்பாறையில் நின்று கடலைப் பார்ப்பதுதான் தொபியாஸுக்கு வேலை. ஆலாப் பறவைகள் எங்கே விழுந்து விழுந்து கொத்துகின்றனவோ, அங்கே சாளை மீன் கூட்டம் இருக்கும். உடனே அவர் சிவப்புத் துண்டை வீச வேண்டும். கீழே காத்திருக்கும் வள்ளம் அங்கே போய் வலையை வளைக்கும். கொஞ்ச நாளாக வெறும் வலைதான் வந்தது. "இன்னைக்கும் வெறும் வலை வந்தா நீ பாறைய விட்டு எறங்கிரு" என்று வலைக்காரர் லெயோன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் கடலை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டான். இவரோ, பறவை பார்க்க பைனாகுலரோடு நான் ஏறிவந்ததும், கேட்க ஆள் கிடைத்த குஷியில் துண்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மீன் விற்கிற பிலோமி அக்கா வெறும் கூடையோடு பக்கத்தில் நின்றாள்.

"அந்தக் குழாய உள்ள வையுங்க சார். யாழ்ப்பாணத்துல ஆலா முட்ட போட்டா, அதுல எத்தன புள்ளின்னு இங்கருந்தே சொல்லுவேன்" என்றார் தொபியாஸ்.

"நேத்து மூக்குல கெடந்த கண்ணாடிய வீடு பூரா தேடுனாரு சார்" என்றாள் அக்கா.

"அது கிட்டப்பார்வ புள்ள, இது தூரப்பார்வ! கேளுங்க சார். ஒருநா ஆயிரம் ஆலா என் தோள்லயும் தலையிலயும் வந்து உக்காந்துட்டு. பாவம், களைப்பாறட்டும்னு விட்டேன். எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுப் பறந்துச்சு பாருங்க, நானும் கூடவே கெளம்பிட்டேன்! கொழும்புல எறங்கி ஒரு டீ குடிச்சேன்."

"பாஸ்போர்ட்டு?" என்றேன்.

"ஆலாகிட்ட எவன் சார் பாஸ்போர்ட்டு கேக்கான்? திரும்பி வரும்போது அதுகளுக்குக் கை ஓய்ஞ்சு போச்சு..."

"ஆலாவுக்கு ஏது கை?" என்றாள் அக்கா.

"றெக்கதான், விடு புள்ள. நடுக்கடல்ல தொப்புன்னு போட்டுட்டு. ஒரு ஓங்கில், அதான் சார் டால்பினு, வந்து முதுகு குடுத்துச்சு. ஆனா அதுக்குச் சளி. ஒவ்வொரு தும்மலுக்கும் நான் பனமர ஒசரம் போயிட்டு வாறேன்! மடியிலருந்த தைலத்த எடுத்துத் தேச்சு விட்டேன். ஓங்கிலுக்கு மூக்கு உச்சந்தலையில இருக்கதால தேய்க்கச் சுகம்."

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். பறவை பார்க்க வந்த நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதென்ன பெருசு? ஒரு திமிங்கலம் வழி கேட்டு வந்துச்சு. சோத்தாங்கைப் பக்கம் திரும்புன்னேன். தல கன்னியாகுமரி தாண்டிட்டு, வாலு இன்னும் இங்கதான் கெடக்கு! ஊரே அதுமேல வலைய காயப்போட்டு..."

கீழே ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தோம். இழுத்த வலையில் சாளை வெள்ளியாகத் துள்ளியது. கரையே ஆடிப்பாடியது.

தொபியாஸ் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்! நான் துண்டக்கூட வீசல. மனசுல நெனச்சேன், வள்ளத்துக்குக் கேட்டுட்டு!"

பிலோமி அக்கா கையிலிருந்த சிவப்புத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டாள்.

"ஆலா கொத்துனப்ப நீங்க கொழும்புல டீ குடிச்சிட்டிருந்தீங்க. நாந்தான் வீசுனேன். நாளைலருந்து பாறையில நான் நிக்கேன் அண்ணாச்சி. நீங்க என் கூடையத் தூக்கிட்டு சந்தைக்குப் போங்க. இந்த வாயி அங்கதான் வேணும்."