சாத்தப்பன் முகம் சுவரேறிய கதை

தெளியனூருக்குப் பேருந்தில் வருகிறவர்கள் ஊரைத் தவறவிட்டு அடுத்த ஊரில் இறங்குவது வழக்கம். ஊர்ப் பெயர்ப்பலகை ஊரைப் பார்த்தபடி நிற்பதே காரணம். "நாம வரி கட்டி வெச்ச பலகை, வெளியூர்க்காரன் படிக்கவா வெச்சோம்?" என்று ஊரார் கூடிப் பேசி அதைத் திருப்பி நட்டார்கள். அன்றுமுதல் தெளியனூரார் எவரும் தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஐயுற்றதில்லை. அறிவு முதலில் தனக்குப் பயன்பட வேண்டும் என்பதை நாமும் மனத்தில் இருத்துவோமாக.

அவ்வூரில் இரண்டு கட்சிகள் இருந்தன. சல்லடைக் கட்சியின் மகுடேசுவரன் மூன்று முறை தொடர்ந்து பேரூராட்சித் தலைவராக வென்றிருந்தார். அம்மிக் கட்சி மூன்று முறையும் தோற்றிருந்தது. ஆயினும் கொள்கைப் பிடிப்பில் அக்கட்சி தளர்ந்ததில்லை. கொள்கை என்னவென்று தலைமைக்கு எழுதிக் கேட்டுவிட்டு, ஒன்பது ஆண்டுகளாகப் பதிலுக்குக் காத்திருந்தது.

அம்மிக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர் சாத்தப்பன். பதினேழு ஆண்டுகளாக ஒரு கையில் பசை வாளியும் மறு கையில் ஏணியுமாக அவர் நடந்தார். எத்தனையோ தலைவர்களின் கன்னங்களைச் சுவரில் வைத்துத் தடவி, சுருக்கம் நீக்கி, மீசையை நேராக்கிவிட்டு இறங்கியிருக்கிறார். அவர் மனைவி செண்பகம் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்:

"ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் தடவிக் குடுத்துட்டு வர்றீங்க. உங்க மூஞ்சி எப்பங்க சுவத்துல ஏறும்?"

சாத்தப்பன் அன்று இரண்டாவது கவளத்தோடு எழுந்துவிட்டார். தலைவர் பதவியில் அவருக்கு ஆசை இல்லை. சுவர்மீதுதான் ஆசை. ஒரே ஒருமுறை, நாலடிக்கு மூன்றடி அளவில், தன் முகத்தைத் தானே ஒட்ட வேண்டும். அதற்கு வேட்பாளராவது ஒன்றே வழி. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவர் கட்சியிடம் மனு கொடுத்தார். அதே நாளில் அரிசி ஆலை முதலாளி உருத்திராபதியும் மனு கொடுத்தார்.

இருவரில் யாரை நிறுத்துவது என்று கேட்டு, கட்சிச் செயலாளர் அம்பலவாணன் தலைமைக்குக் கடிதம் எழுதினார். இம்முறை வியக்கத்தக்க விதமாக நான்கே நாளில் பதில் வந்தது. அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. ஒன்று: முகம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு நூறு பேரைத் தேர்ந்தெடுத்துக் கருத்துக் கேளுங்கள். இரண்டு: எந்தக் கருத்துக்கணிப்பிலும் நூற்றுக்கு மூன்று பிழை இருக்கும், அப்பிழையை நீக்கிவிட்டு முடிவெடுங்கள். மூன்று: நம்மவர் என்ற பாசம் பார்க்காமல், வெல்லக்கூடியவரையே நிறுத்துங்கள்.

தலைமையின் சொல்லைத் தட்டுவது தெளியனூரில் இல்லை. மறுநாள் காலை அம்பலவாணனும் மகளிர் அணித் தலைவி கோமளவல்லியும் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இருவர் கையிலும் ஐம்பது ஐம்பது புளியங்கொட்டைகள். சாத்தப்பன் என்றால் இடப்பக்கப் பையில் ஒன்று, உருத்திராபதி என்றால் வலப்பக்கப் பையில் ஒன்று. சாத்தப்பன் வாளியோடு பத்தடி பின்னால் நடந்தார்.

முதல் முக்கால் மணி நேரம் அம்பலவாணன் கோமளவல்லியைப் பிடித்தார், கோமளவல்லி அம்பலவாணனைப் பிடித்தாள்.

"ஐயா, யாரா இருந்தாலும் சரி, நம்ம கட்சியில யாரு ஜெயிக்கக்கூடியவரு?"

"அதைத்தானம்மா நானும் உங்களைக் கேக்கறேன்."

ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்வது குடிமகனின் கடமை ஆகையால், இருவரும் ஒவ்வொரு முறையும் மனச்சாட்சிப்படி பதில் சொல்லிப் புளியங்கொட்டை போட்டார்கள். வாய்க்கால் வந்தபோது அம்பலவாணன் அதிலும் இறங்கினார். கரையேறும்போது கையில் அகப்பட்டது ஒரு கொம்பு.

"ஐயா, யாரு ஜெயிப்பா?"

எருமை தலையை இடப்பக்கம் ஆட்டியது. இடப்பக்கப் பையில் ஒரு கொட்டை விழுந்தது. பின்னால் நின்ற சாத்தப்பன் எருமையைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேருந்து நிறுத்தத்தருகே அம்பலவாணன் சட்டென்று திரும்பி, சாத்தப்பனின் வாளிப் பிடியையே பற்றிவிட்டார். "ஐயா, யாரு ஜெயிப்பா?"

சாத்தப்பன் பொய் சொல்லி அறியாதவர். முதலாளியிடம் ஆலை இருக்கிறது, கார் இருக்கிறது. தன்னிடம் இருப்பது வாளி. தன்னை யார் ஜெயிக்க வைப்பார்கள்? "முதலாளிதாங்க" என்றார். வலப்பக்கப் பையில் ஒரு கொட்டை விழுந்தது.

மாலையில் கட்சி அலுவலகத்தில் கொட்டைகளை எண்ணினார்கள். சாத்தப்பன் ஐம்பத்தொன்று. உருத்திராபதி நாற்பத்தொன்பது.

சாத்தப்பனுக்குக் கண் நிறைந்தது. படம் எடுக்கும் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று எண்ணத் தொடங்கியபோது அம்பலவாணன் கையை உயர்த்தினார்.

"அவசரப்படாதே சாத்தப்பா. நூத்துல மூணு பிழை இருக்காம். அந்த மூணு பேர் உன் பக்கத்துல இருந்தாங்கன்னா நீ நாப்பத்தெட்டு. முதலாளி ஜெயிச்சிடுவாரு."

"அப்ப என்ன செய்றதுண்ணே?"

"பிடிக்கணும். மூணு பேரையும் பிடிச்சு வெளியேத்தணும்."

கருத்துச் சொன்னவர்கள் அனைவரும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். எருமையும் வந்தது. "நீ பிழையா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் துணிவு இக்காலத்தில் அருகிவிட்டது என்பதை நாம் வருத்தத்தோடு குறிக்க வேண்டியிருக்கிறது.

"எருமைதான் பிழை. சந்தேகமே இல்ல" என்றார் உருத்திராபதி.

கோமளவல்லி எழுந்தாள். "முதலாளி, அது என் எருமை. அது எந்த வகையில பிழைங்கறேன்?"

"வாக்காளர் பட்டியல்ல அதுக்குப் பேரே இல்லையேம்மா."

"போன தடவை என் பேரும்தான் இல்ல. அதுக்காக எனக்குக் கருத்து இல்லைன்னு ஆயிடுமா? என் எருமையைப் பிழைன்னு சொன்னா மகளிர் அணியை இப்பவே கலைச்சிடுவேன்!"

மகளிர் அணியில் அவள் ஒருத்திதான் என்றாலும் அணி கலைவதை யாரும் விரும்பவில்லை. எருமை விடுவிக்கப்பட்டது.

அப்போது சாத்தப்பனின் மனச்சாட்சி அவரைக் குத்தியது. "அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும். என்னைக் கேட்டப்ப நான் முதலாளி பேரைச் சொல்லிட்டேன்."

சபை திகைத்தது. உருத்திராபதி மெல்ல இருமினார். "அப்படிப் பார்த்தா நானும் ஒண்ணு சொல்லணும். கோமளா என் வேட்டியைப் பிடிச்சுக் கேட்டப்ப, நான் சாத்தப்பன் பேரைச் சொன்னேன். ஊர்ல இவனுக்குத் தெரியாத சுவரே கிடையாது. இவன் ஜெயிக்காம வேற யாரு ஜெயிப்பா?"

அம்பலவாணன் மேசையில் ஓங்கித் தட்டினார். "கிடைச்சுட்டாங்க! தன் பேரையே சொல்லாதவன் பிழையா இல்லாம வேற என்ன? ரெண்டு பிழை ஆச்சு. மூணாவது எங்கேயோ ஒளிஞ்சிருக்கு, மெதுவாத் தேடுவோம். பிழையை நீக்கிட்டுத்தான் முடிவெடுக்கணும்னு தலைமை எழுதியிருக்கு. ரெண்டு பேரையும் நீக்கியாச்சு."

இவ்வாறு வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட இருவரும் நீக்கப்பட்டார்கள். சாத்தப்பன் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். எஞ்சியிருப்பது யார் என்று தெரியாததால், மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டே ஊரைக் கேட்பது என்று முடிவாயிற்று.

"யாரு ஜெயிப்பா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"மகுடேசுவரன்" என்றார் டீ ஆற்றியவர்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்குமா?"

"எங்க பிடிக்குது? எனக்குச் சாத்தப்பனைத்தான் பிடிக்கும்."

"அப்ப சாத்தப்பனுக்குப் போடலாமே?"

"ஜெயிக்கிறவனுக்குத்தானே போடணும்! எல்லாரும் மகுடேசுவரனுக்குப் போடுவாங்க. நான் மட்டும் எதுக்கு ஓட்டை வீணாக்கணும்?"

தெருத்தெருவாக இதே பதில். இங்கே ஒரு சிறு கதை சொல்லிவிடுவது நன்று. சந்தையில் ஒருவன் இரண்டு கூடை மாம்பழம் வைத்திருந்தானாம். எது இனிப்பு என்று கேட்டவர்களிடம், "எல்லாரும் வாங்குவதே இனிப்பு" என்றானாம். எல்லாரும் பிறர் வாங்கட்டும் என்று கூடையைச் சுற்றி நின்றார்களாம். மாலை வரை ஈக்கள் மட்டுமே உண்மையை அறிந்திருந்தன. இக்கதையைத் தெளியனூரில் சொன்னபோது, அந்த ஈக்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

அன்று மாலை அம்பலவாணன் முடிவை வாசித்தார். "வெல்லக்கூடியவர் மகுடேசுவரன். நூத்துக்கு நூறு. நம்மவர்ங்கற பாசம் பார்க்கக்கூடாது. நம்ம வேட்பாளர் அவர்தான்."

மாலையோடு போய் மகுடேசுவரனிடம் சொன்னார்கள். அவரும் தெளியனூரில் பிறந்தவரே ஆகையால், வந்த மாலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு கட்சியும் எனக்கு வேலை பார்க்குதா? அப்ப எங்க ஆளுங்க வீட்ல ஓய்வு எடுக்கட்டும்" என்று கழுத்தை நீட்டினார்.

திரும்பும் வழியில் கோமளவல்லிக்கு ஒரு கவலை வந்தது. "அண்ணே, எதிர்த்து யாருமே நிக்கலைன்னா அது என்ன ஜெயிப்பு? எதிர் அணி வராத கபடியில தொடையைத் தட்டிட்டு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கும்?"

"உண்மைதான்" என்றார் அம்பலவாணன். "நிச்சயமாத் தோக்கக்கூடியவர் ஒருத்தர் வேணும். முதலாளி, நிக்கிறீங்களா?"

"ஆலை வெச்சிருக்கிறவன்யா நான். நான் எப்படித் தோக்கறது? நெல்லு போடுறவங்க சிரிக்க மாட்டாங்க?"

எல்லார் கண்ணும் சாத்தப்பன்மேல் விழுந்தது. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நான் நின்னா என் மூஞ்சியைப் போட்டு போஸ்டர் அடிப்பீங்களா?"

"அடிக்காம? யாருக்குப் போடக்கூடாதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

"பெருசா?"

"போடக்கூடாத ஆளை எவ்வளவு பெருசாக் காட்டுறமோ, அவ்வளவு நல்லது."

சாத்தப்பன் அன்று வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஏணியைத் தெருவிலேயே விட்டுவிட்டார்.

வாளிச் சின்னத்தில் அவர் மனுச் செய்தார். அம்மிக் கட்சியின் செலவில் ஆயிரம் சுவரொட்டிகள் வந்தன. நாலுக்கு மூன்று அளவில் சாத்தப்பன் சிரித்தார். கீழே, "இவருக்கு வாக்களிக்காதீர்கள்" என்று எழுதியிருந்தது. பதினேழு ஆண்டுக் கைப்பழக்கமும் சேர, ஊரில் ஒரு சுவர் மிச்சமில்லாமல் அவரே ஒட்டினார். காய்ந்ததும் ஒவ்வொன்றின் முன்னும் சிறிது நேரம் நின்றார். செண்பகம் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்து, "காது கொஞ்சம் தூக்கி இருக்கு. மத்தபடி நல்லா வந்திருக்கு" என்றாள். வீடுவீடாகப் போய், "தயவுசெய்து எனக்குப் போட்டுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டதும் அவரே. ஒப்புக்கொண்ட பணியை உள்ளன்போடு செய்ய வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு காட்ட நம்மால் இயலாது.

வாக்குப்பதிவு நாளில் ஊரார் சுவர்களைப் பார்த்தார்கள். மகுடேசுவரனின் ஆட்கள் ஓய்விலிருந்ததால் அவர் முகம் ஓரிடத்திலும் இல்லை. "சுவரெல்லாம் இவன்தான் இருக்கான். அப்ப இவன்தான் ஜெயிப்பான்" என்றார் டீ ஆற்றியவர். ஓட்டை வீணாக்க அவர் விரும்பவில்லை. ஊரும் விரும்பவில்லை.

எண்ணி முடித்தபோது நூற்றுக்கு ஐம்பத்தொன்று சாத்தப்பனுக்கு விழுந்திருந்தது. நாற்பத்தொன்பது மகுடேசுவரனுக்கு. அந்த நாற்பத்தொன்பதில் சாத்தப்பனின் வாக்கும் ஒன்று.

அன்று மாலை அம்மிக் கட்சி அலுவலகத்தில் தோல்வி ஆய்வுக் கூட்டம் நடந்தது. எல்லாரும் கலங்கியிருந்தார்கள். புதிய பேரூராட்சித் தலைவர் எல்லாரினும் அதிகமாக அழுதார்.

"என்னால ஆனதை எல்லாம் செஞ்சேண்ணே" என்று தேம்பினார் சாத்தப்பன். "வீடுவீடாப் போய்க் கெஞ்சினேன். ஒருத்தரும் கேக்கலை."

"நீ அழாதே சாத்தப்பா. உன் மேல குத்தமில்லை" என்று அம்பலவாணன் தோளைத் தட்டினார். "மூணாவது பிழை யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஊர்தான்."

"அதுக்காகச் சும்மா விட்டுடறதா?" என்று கோமளவல்லி சீறினாள். "நம்ம வேட்பாளரைத் தோக்கடிச்சிருக்கான் இந்தச் சாத்தப்பன். கண்டனம் தெரிவிக்கணும்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கையைத் தூக்கியவர்களில் சாத்தப்பனும் இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பேரூராட்சித் தலைவர் வாளியும் ஏணியுமாகத் தெருவில் இறங்கினார். "அம்மிக் கட்சியை வீழ்த்திய சாத்தப்பனை வன்மையாகக் கண்டிக்கிறோம்!" என்ற சுவரொட்டியில் அவர் முகம் முன்னதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. காதையும் இம்முறை சரிசெய்திருந்தார்கள். ஒட்டி முடித்து, கன்னத்தில் விழுந்த ஒரு சுருக்கத்தைத் தடவி நேராக்கிவிட்டு, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்பலவாணனிடம் அவர் குனிந்து கேட்டார்:

"அண்ணே, கண்டனம் இந்த ஒரு தடவையோட முடிஞ்சுடுமா, இல்ல மாசாமாசம் உண்டா?"