வாளியில் ஒரு வடை

"தனியா உக்காந்து பார்த்தா தேனாட்டம் ஓடுதுங்க அம்மிணி. ரெண்டு பேர் வந்துட்டா மானத்தை வாங்குது" என்றார் கந்தப்பன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மில் மூடியபின் கம்ப்யூட்டர் படித்து வந்தவர். அம்மிணி என்றது மரகதத்தை. அவளுக்கு முப்பத்தொன்றுதான். ஆனாலும் அந்தக் கோயம்புத்தூர் ஆபீஸில் அவள்தான் குரு. பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

வேலை இதுதான்: ஒரு கண் ஆஸ்பத்திரியின் இலவச ஆபரேஷன் முகாம். நாற்பதே இடம். ஊர் ஊராக நர்சுகள் போனில் பதிவார்கள், முதலில் பேர், அப்புறம் எந்தக் கண் என்று. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் புரோகிராம் கந்தப்பனுடையது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவு ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் இரண்டு நர்சுகள் ஒரே நேரத்தில் பதிந்தார்கள். ராமாத்தாளின் இடது கண், காளியம்மாளின் பேரில் போய் உட்கார்ந்துகொண்டது. காளியம்மாளுக்கு இடது கண் நல்ல கண்! நிஜ முகாமாக இருந்தால் அதில் கத்தி வைத்திருப்பார்கள்.

"சொல்ற விவரத்தை எங்கே வெக்கறீங்கண்ணா?" என்றாள் மரகதம்.

"சர்வர்ல ஒரு இடம் வெச்சிருக்கறனுங்க. பேசறவங்க விவரம் அதுல நிக்கும்."

"எல்லாருக்கும் ஒரே இடமா?"

"ஒருத்தர் முடிச்சப்புறம்தானுங்க அடுத்தவர் வருவாங்க?"

மரகதம் எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

ஆபீஸுக்குக் கீழே கல்யாண மண்டபம். விசேஷம் என்றால் சாப்பாடு மேலேயும் வந்துவிடும். அன்றும் வந்திருந்தது. அவள் ஒரே ஓர் இலையை விரித்து, இந்தப் பக்கம் கந்தப்பனையும் அந்தப் பக்கம் பக்கத்து மேசை செபாஸ்டினையும் உட்கார வைத்தாள். இவருக்குப் பாயசம் ஊற்றினாள், அவனுக்கு ரசம்.

"அட கெரகமே! என் பாயசத்துல ரசம் ஓடுதுங்க!"

"தனியா உக்காந்தப்ப தேனாட்டம் இருந்துச்சுங்களே."

கந்தப்பன் கைகூடக் கழுவாமல் கம்ப்யூட்டருக்கு ஓடினார்.

சனிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆளுக்கொரு சீட்டு நம்பர், நம்பருக்கொரு இலை! மீதி எத்தனை இடம்ங்கறது மட்டும் பொதுவுல இருக்குதுங்க. கேட்டா, பார்த்துச் சொல்லும். அப்புறம் பேரை எழுதிக்கும்."

மறுபடி ஒத்திகை. கண்கள் மாறவில்லை. ஆனால் நாற்பதாவது இடம் இரண்டு பேருக்குக் கிடைத்தது. மனுஷன் நொந்தே போனார்.

மரகதம் இரண்டு இலை விரித்தாள். ஒன்றில் செபாஸ்டின், ஒன்றில் அவள். கீழிருந்து வந்த வடை வாளியைக் கந்தப்பனிடம் நீட்டினாள்.

"கேட்டா, வாளியைப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்க. அப்புறம் பரிமாறுங்க."

"வடை இருக்குதா?" என்றான் செபாஸ்டின்.

எட்டிப் பார்த்தார். ஒன்று கிடந்தது. "இருக்குது."

அவர் எடுப்பதற்குள் மரகதம் கேட்டாள், "எனக்கு?"

மறுபடி பார்த்தார். அந்த ஒன்று அப்படியே கிடந்தது. உள்ளதைத்தானே சொல்லச் சொன்னாள்? "இருக்குதுங்க."

எடுத்தார். இரண்டு இலையும் காத்திருந்தன. கையில் ஒரு வடை.

"முகாமன்னைக்கு, பஸ் ஏறி வந்த ரெண்டு பேர்ல யாரைத் திரும்பிப் போகச் சொல்லுவீங்கண்ணா?"

கந்தப்பனுக்கு முகம் செத்துவிட்டது. வடையை வாளியில் போட்டுவிட்டு, தன் நாற்காலிக்குப் போய்ப் புரோகிராமைத் திறந்தார்.

திங்கட்கிழமை நாற்பது இடமும் ஆறே நிமிஷத்தில் தீர்ந்தது. நாற்பத்தோராவதாக வந்தவருக்கு அடுத்த முகாமின் தேதி போயிற்று. ராமாத்தாளுக்கு இடது கண்.

மத்தியானம் கீழே வளைகாப்பு. கந்தப்பன் தானே வாளியைத் தூக்கினார்.

"வடை இருக்குதுங்களாண்ணா?" என்றாள் மரகதம்.

அவர் வாயைத் திறக்கவில்லை. வாளிக்குள் கையை விட்டார். அவள் இலையில் வடையை வைத்தார். பிறகுதான் சொன்னார்.

"இருந்துச்சுங்க அம்மிணி."