ராஜா கடைந்த கருங்காலிப் பேனா

செவ்வந்திக்கோட்டை சமஸ்தானத்து ராஜா வீரகேசரிக்குத் திடீரென்று மரம் கடையும் ஆசை வந்துவிட்டது. ராஜாக்களுக்கு ஓர் ஆசை வந்தால் அது அவர்களோடு நிற்காது. ஊரே சேர்ந்து அனுபவிக்க வேண்டும். முந்தைய வருஷம் புறா வளர்க்கும் ஆசை வந்தபோது, தலையில் எச்சம் விழாத அதிகாரியே அரண்மனையில் கிடையாது. இந்த முறை பேனா.

கப்பலில் வந்த பேனாவால் இனிக் கையெழுத்துப் போடுவதில்லை, தன் கையால் கடைந்த மரப்பேனாவால்தான் போடுவது, அதுவும் அப்பழுக்கில்லாமல் அமைந்த பிறகுதான் என்று ராஜா சபதம் செய்தார். தோட்டத்துக் கொட்டகையில் கடைசல் பட்டறை போட்டாயிற்று. உத்தரவுகள் சபை மண்டபத்து மேஜையில் குவியத் தொடங்கின.

அந்தக் குவியலில்தான் பெரிய கண்மாயின் மடையைக் கட்டும் உத்தரவும் கிடந்தது. மடை உடைந்ததால் கண்மாயில் தண்ணீர் தங்கவில்லை. மழைக்கு முன் கட்டாவிட்டால் அந்த வருஷம் சாகுபடி இல்லை. குடியானவர்கள் சட்டநாதரிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சட்டநாதர், ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் சம்பளம் வாங்குகிறவர். குடியானவர்களுக்காக அவர் மனம் உருகியது நிஜம். அவருடைய வயலும் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் இருந்தது என்பதும் நிஜம்.

ராஜா ஒன்றும் சோம்பி இருக்கவில்லை. கருங்காலிக் கட்டையில் தண்டும் மூடியும் கடைந்து, உள்ளே குடைந்து, நிப்பைப் பொருத்தி ஒரு பேனாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். சபை ஆகா என்றது. திவான் நரசிங்கராயர் மட்டும் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். மூடி கழன்று தரையில் விழுந்தது. கொஞ்சம் தொளதொளப்பு என்று பணிவாகச் சொன்னார். உடனே சபையும் தொளதொளப்பு என்றது.

திவானின் நேர்மை ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. புது மூடி கடைந்தார். அது இறுக்கம் என்றார் திவான். உப்புத்தாளால் மூடியின் உட்புறத்தைத் தேய்த்துச் சரிசெய்ததும், மரத்தின் ரேகை தண்டிலிருந்து மூடிக்கு ஒரே ஓட்டமாகப் போகவில்லை என்றார். ஒரே கட்டையை அறுத்து இரண்டையும் கடைந்ததும், பளபளப்புப் போதாது என்றார். அரக்குப் பூசினால் தடிப்பு. மெழுகு போட்டுத் துணியால் தேய்த்தால் விரலுக்கு வழுக்கல். வானத்தில் மேகம் கூடிக்கொண்டே வந்தது.

திவான் வழுக்கல் என்று சொன்ன அன்றே, வயிற்றெரிச்சலோடு சட்டநாதர் கண்மாய்ப் பக்கம் நடந்தார். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளரிக்கொடி படர்ந்து, காய் கொழுகொழுவென்று கிடந்தது. யார் போட்டது என்று விசாரித்தார். திவானின் மைத்துனர். மடையைக் கட்டினால் கொடி மூழ்கிப்போகும். பேனாவின் மூடி ஏன் பொருந்தவே மாட்டேன் என்கிறது என்பது சட்டநாதருக்கு அந்த வரப்பில் நின்றபோது விளங்கியது. ஆனால் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் எதைச் சொன்னாலும் ராஜா சிரித்துவிடுவாரே.

நேரே கொட்டகைக்குப் போனார். மரத்தூளில் குளித்திருந்த ராஜாவிடம், பேனா இவ்வளவு தேறியதே யாருடைய கண்ணால் என்று கேட்டார். சந்தேகமென்ன, திவானின் கண்ணால்தான் என்றார் ராஜா. அப்படிப்பட்டவருக்கு மருதவயல் கிராமத்தை இனாமாகக் கொடுத்தால் என்ன என்றார் சட்டநாதர். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. எழுதிவையும், பேனா முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

சட்டநாதர் எழுதினார். மடை உத்தரவைக் குவியலின் மேலேயும், இனாம் உத்தரவைக் கடைசியிலும் வைத்தார். பிறகு திவான் வீட்டுக்கே போய், நல்ல செய்தி என்று விஷயத்தைச் சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் ராஜா விரலில் துணி சுற்றிக்கொண்டு சபைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பேனாவைத் திவானிடம் நீட்டினார்.

திவான் மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "மகாராஜா, இது பேனா இல்லை, பொக்கிஷம். இனிமேல் இதில் உளி படக்கூடாது" என்றார். பேனாவைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார்.

ராஜா சந்தோஷமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடத் தொடங்கினார். முதலில் மடை. மை காய்ந்ததும் காயாததுமாகச் சட்டநாதர் அதை எடுத்துக் கொத்தனாரிடம் அனுப்பினார். அடுத்தடுத்து மற்றவை. குவியல் குறையக் குறையத் திவான் மேஜைக்கு நெருங்கி வந்துகொண்டே இருந்தார். இனாம் உத்தரவு ஒன்றுதான் பாக்கி. அங்கே ராஜாவின் பேனா நின்றது.

"நரசிங்கராயரே, நேற்று வழுக்குகிறது என்றீரே?"

"இன்று வழுக்கவில்லை மகாராஜா. கச்சிதம்."

"நீர் சொல்லிவிட்டுப் போனதும் உளி பட்டு விரல் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பட்டறையைத் தொடவே இல்லை. இது நேற்றைய பேனாதான். யார் இதைச் சரிசெய்தது?"

திவான் தலையைச் சொறிந்தார். அன்றைக்கென்று பார்த்துச் சபையும் ஆகா என்று சொல்லவில்லை. ராஜா சட்டநாதர் பக்கம் திரும்பி, உமக்கு ஏதாவது தெரியுமா என்றார்.

"பேனாவை யாரும் தொடவில்லை மகாராஜா. திவான் ஐயாவின் கண்தான் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. நேற்று நான் போய் அதை மருதவயல் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தேன்."

வெள்ளரிக் கதையும் அதன் பின்னாலேயே வெளிவந்தது. ராஜா மேஜையைத் தட்டிச் சிரித்தார். கொட்டகையில் பட்டறையின் ஒரு கால் சில நாளாக ஆடிக்கொண்டிருந்ததாம். இனாம் உத்தரவை நாலாக மடித்து அதற்கு அண்டை கொடுக்கச் சொன்னார். அப்புறம் சட்டநாதருக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். அவர் வெட்கப்படாமல் கேட்டதைக் கேட்டு இன்னொரு முறை சிரித்தார்.

"எடுத்துக்கொள்ளும். ஆனால் கண்மாயில் தண்ணீர் ஏறுவதற்குள் பறிக்க முடிந்த வெள்ளரி மட்டும்தான் உமக்கு."

சட்டநாதர் கும்பிடு போட்டுவிட்டுக் கூடை தேட ஓடினார்.