வேண்டாத மரம்

கரடி தொந்தியப்பன் குகை வாசலில் வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மழைக்காலம் வந்தால் பாறையெல்லாம் வழுக்கும். பழம் தேடிப் போக முடியாமல், போன வருஷம் பாதி நாள் பட்டினி. வருஷா வருஷம் அப்படியே போனால் தாங்க முடியாது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று.

“வாசலிலேயே ஒரு பழமரம் வைக்க வேண்டியதுதான்! ஆனா தண்ணி சுமக்க என்னால ஆகாது. மருந்தும் அடிக்க மாட்டேன். மேலே பாறையில தேன்கூடு இருக்கு. தேனீ செத்தா நான் யாரை நம்பிப் பிழைக்கிறது?”

இதைக் கேட்டு முதலில் ஓடி வந்தது யானை பெருமாத்தா.

“வாழை வைங்க அண்ணே! ஒரே வருஷத்துல குலை தள்ளும்!”

தொந்தியப்பன் நம்பிவிட்டது. அந்தக் கல்தரையில் வாழை வளர, தினமும் ஓடையிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் சுமந்தது. முழங்கால் கதறியது. குலை தள்ளிய அன்று பெருமாத்தா நலம் விசாரிக்க வந்தாள். விசாரித்துவிட்டுப் போனபோது வாழையின் அடிக்கட்டைகூட மிஞ்சவில்லை.

“நல்லா வந்திருக்கு அண்ணே!” என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்தது ஆடு கொம்பாயி.

“பலாவை வைங்க மாமா! இலை என்ன பச்சை, என்ன மினுமினுப்பு!”

பழத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. நம் கரடிக்கு அது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பலாக்கன்று முழங்கால் உயரம் வந்ததும் கொம்பாயி அதை மொட்டைக் குச்சியாக்கிவிட்டாள்.

“துளிர்க்கும் மாமா, கவலைப்படாதீங்க!”

தொந்தியப்பன் மூன்று நாள் யோசித்தது. அதன் மூளை மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். நாலாம் நாள் கொம்பாயியை மரியாதையாகக் கூப்பிட்டது.

“கொம்பாயி, எந்த மரத்தை நான் வைக்கவே கூடாது? நீயே சொல்லு!”

“சீத்தா! ஐயே, அந்த இலையை மோந்தாலே குமட்டும். பசியில செத்தாலும் நான் வாய் வைக்க மாட்டேன்!”

அன்றைக்கே தொந்தியப்பன் வாசல் கல்லிடுக்கில் சீத்தா விதைகளை ஊன்றியது. வானம் பெய்த தண்ணீரே அதற்குப் போதுமாக இருந்தது. பூச்சியும் பெரிதாக அண்டவில்லை. பெருமாத்தா அந்தக் குச்சிமரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கொம்பாயி மாதம் ஒருமுறை வந்து மோந்து, தும்மிவிட்டுப் போனாள்.

நாலாம் வருஷ மழைக்காலம். வெளியே அடைமழை. தொந்தியப்பன் குகை வாசலில் இருந்தபடியே கையை நீட்டிப் பழம் பறித்தது. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அதற்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நனைந்துகொண்டே வந்த கொம்பாயி திட்டினாள். “நான் சொன்னதைக் கேக்கவே இல்லையே மாமா!”

“கேட்டேன் கொம்பாயி! ஒரு வார்த்தை விடாம கேட்டேன்!” என்று சொல்லி, தொந்தியப்பன் வாயிலிருந்த கொட்டைகளைத் துப்பியது.

யோசனை கேட்பது நல்லதுதான். ஆனால் சொல்பவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.