முத்திரை விழாத ஓலைகள்

முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசருக்குக் காலையில் தோன்றியது சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிடும் காலம் அது. எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாட்டைச் சொன்னாலும் அங்கிருந்து யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த நாட்டு அரசர் கடம்பவர்மர் தேர்த்திருவிழாவுக்குப் போனார். வடக்கு வீதி திரும்பும் இடத்தில் அவருடைய பல்லக்கு கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. மூன்று நாழிகை நகரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அரசர் திரையை விலக்கிப் பார்த்தார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள்.

"இத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள்?" என்று கேட்டார். பல்லக்குத் தூக்கிகள் தோளை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் ஆளுக்கு ஐந்தாறு இருந்தது.

மறுநாள் சபையில் இதே பேச்சு. பிரதான மந்திரி அனந்தராயர் எழுந்தார். அரசருக்குத் தலைவலி என்றால் ஊருக்கெல்லாம் பத்தியம் போடுகிற மனிதர் அவர்.

"பிரபு, இப்போதே இப்படியென்றால் தங்கள் பேரர் காலத்தில் நாட்டில் நிற்க இடமிராது. வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஆணையிடுங்கள். இனி இரண்டுக்கு மேல் பிறக்கும் குடும்பத்தை எல்லை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடலாம்."

சபை தலையாட்டியது. சபைக்கு அது பழக்கம்.

விகடர் இடும்பன் தூணோரம் உட்கார்ந்திருந்தார். சிரிக்க வைப்பது அவர் தொழில். அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை. அவருடைய ஒரே மகள் உமையாள் நாலு பெற்று இரண்டைப் புதைத்தவள். மிச்சம் இரண்டு. இப்போது வயிற்றில் எட்டு மாதம். ஆற்றுக்கு அப்பால் முள்காடு. ஒரு பச்சைப்பிள்ளை அங்கே ஒரு வாரம் தாங்காது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பிரபு, பல்லக்கு நகரவில்லை என்பதற்காகப் பிள்ளைகளைக் குறைப்பானேன்? பல்லக்கைக் குறைப்பது சுலபமாயிற்றே" என்றார்.

அரசர் சிரித்துவிட்டார். அனந்தராயருக்கு அதுதான் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் ராத்தூக்கம் கெட்டுத் தயாரிக்கும் யோசனையை இந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் ஊதிவிடுகிறார்.

"விகடருக்கு எல்லாம் விளையாட்டு, பிரபு. ஆகவே இப்பணியை அவரிடமே ஒப்படையுங்கள். தலைநகரைச் சுற்றியுள்ள ஏழு ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று உடன்படிக்கை ஓலை வாங்கி வரட்டும். வாய்ப்பேச்சு செல்லாது. இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் அவருடைய குடும்பம் முதலில் ஆற்றைக் கடக்கட்டும். அவர் மகளின் நிலைமை சபை அறிந்ததே."

"அமாவாசை வரை அவகாசம் தந்தோம்" என்றார் அரசர். ஒரு வேடிக்கை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

இடும்பன் வெற்றோலைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முதல் ஊரில் முதல் வீடு காத்தாயி என்பவளுடையது. முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் புழுதியில் புரண்டுகொண்டிருந்தன. "குப்பா, தவிட்டுப்பயலே, எந்திரிங்கடா, பெரிய மனுசரு வந்திருக்காரு" என்று விரட்டினாள்.

"ஏம்மா, பிள்ளைங்களுக்கு நல்ல பேரா ஒண்ணும் கிடைக்கலையா?"

"நல்ல பேரு வச்ச நாலும் மண்ணுக்குள்ள கெடக்குதுங்கய்யா."

இடும்பனுக்கு அந்த வழக்கம் தெரியாததல்ல. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்விட்டால், அதற்குப் பின் பிறப்பதைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்குவாள். மூக்கைக் குத்தி, குப்பன், தவிடன் என்று பேர் வைத்து, வேண்டாத பிள்ளை போலப் பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். யாருக்கும் வேண்டாததை எமன் மட்டும் எதற்கு எடுத்துப்போவான் என்ற நம்பிக்கை. அந்த ஊரில் தெருவுக்குப் பத்துக் குப்பன்கள் இருந்தார்கள். குடிக்கிற குளத்தில்தான் மாடும் குளித்தது. பிரசவம் பார்க்க மருத்துவச்சி வேண்டுமென்றால் ஒரு காதம் நடக்க வேண்டும்.

அரசர் ஆணையை அவளிடம் சொன்னார். காத்தாயி கோபப்படவில்லை, அழவுமில்லை.

"ரெண்டு போதும்னா போதுங்கய்யா. ஆறு பெத்து இடுப்பு ஒடியணும்னு எனக்கென்ன ஆசையா? இந்த ரெண்டும் தங்கும்னு மட்டும் ராசாவை எழுதித் தரச் சொல்லுங்க. இப்பவே கீறித் தர்றேன்."

இடும்பன் எழுத்தாணியை எடுத்தார். இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அவள் சார்பில் ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். எழுதத் தெரியாத அவள் ஒப்பமாக ஒரு கீறல் போட்டுக் கொடுத்தாள்.

அதன்பின் எந்த வீட்டிலும் தடை இல்லை. இரண்டு வரிகளையும் படித்துக் காட்டியதும் பெண்கள் கையை நீட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

ஆறாவது ஊரான தேவிநல்லூரில்தான் வேறு கதை. அங்கே குப்பன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வீட்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பிள்ளைகள். பெண்கள் கீறல் போடாமல் தங்கள் பெயரை எழுதினார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அரசருடைய பாட்டியார் அந்த ஊருக்குச் சுவர் கட்டிய கிணறு வெட்டிக் கொடுத்தார். மருத்துவச்சிக்கு நிலம் விட்டார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியையை அமர்த்தினார். அவ்வளவுதான் நடந்தது. எந்த ஆணையும் அந்த ஊருக்குள் வந்ததில்லை.

அமாவாசையன்று ஓலை வண்டி சபை வாசலில் நின்றது. அனந்தராயரின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒரு வீடும் மறுக்கவில்லை, பிரபு. தங்கள் தரப்பு ஒப்பம் மட்டுமே பாக்கி" என்று இடும்பன் முதல் ஓலையைப் பிரித்துப் படித்தார். "காத்தாயி ஆகிய நான் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வேன். அந்த இரண்டும் வளர்ந்து ஆளாகும் என்பதற்கு அரசர் பொறுப்பு."

முத்திரையை எடுத்த அரசரின் கை பாதியில் நின்றது. "எவன் வாழ்வான், எவன் சாவான் என்பதற்கு நாம் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?"

"அவளுக்கும் அது முடியவில்லை, பிரபு. ஆகையால் ஆறு பெற்றாள்."

"இந்த ஓலை செல்லாது" என்றார் அனந்தராயர்.

"செல்லாதுதான். இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும் என்று தாங்கள்தானே விதித்தீர்கள்? ஏழு ஊரும் ஒப்பமிட்டுவிட்டன. மறுக்கும் வீடு இந்த அரண்மனை ஒன்றுதான். எந்தக் குடும்பம் ஆற்றைக் கடப்பது என்று மந்திரியாரே தீர்ப்புச் சொல்லட்டும்."

கடம்பவர்மரின் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இடும்பன் தேவிநல்லூரைப் பற்றிச் சொன்னார். கிணறு, மருத்துவச்சி, எழுத்து. மற்ற ஆறு ஊருக்கும் இந்த மூன்றும் கிடைத்தால் தங்கள் பேரரின் பல்லக்கு தாராளமாகப் போகும் என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சபையில் கெஞ்சினார்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பலன் தெரிய எத்தனை காலம் ஆயிற்று?"

"நாற்பது வருஷம், பிரபு."

"அப்போது நாம் இருக்க மாட்டோமே" என்றார் அரசர். அனந்தராயர் மெல்லச் சொன்னார்: "பாட்டியார் செய்ததும் இன்றுதானே நமக்குத் தெரிகிறது, பிரபு. பேர் வாங்க அவர் இல்லையே."

"பார்க்கலாம்" என்றார் அரசர். அந்தச் சபையில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆணை ரத்தாயிற்று. இடும்பனுக்கு அரசர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைப் போட்டார். அடுத்த திருவிழாவுக்குள் வடக்கு வீதியின் வீடுகளை இடித்துப் பாதையை அகலமாக்க அனந்தராயர் யோசனை சொன்னார். அதற்கு உடனே முத்திரை விழுந்தது. ஓலைகள் அரண்மனைக் குளியலறைக்கு வெந்நீர் போடப் போயின. காத்தாயியின் கீறலும் அதில் எரிந்தது.

இடும்பன் மகள் வீட்டுக்குப் போனார். உமையாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட போக வேணாம்லப்பா?"

"வேணாம்மா. ஆணை போச்சு."

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "ஓலையில ராசா முத்திரை வச்சாரா?"

"சிரிச்சாரும்மா. ரொம்ப நேரம் சிரிச்சாரு."

உமையாள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்த இரண்டையும் திரும்பிப் பார்த்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அப்ப இதோட நிறுத்த முடியாதுப்பா. இன்னொண்ணும் வேணும்" என்றாள். பிறகு, "பக்கத்து வீட்ல ஒரு படி தவிடு எடுத்து வைக்கச் சொல்லிட்டு வாங்க. நாள் நெருங்கிடுச்சு."

சபையையே சிரிக்க வைத்த இடும்பன், முத்துமாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல், தவிடு கேட்கப் போனார்.