ஆவுடையப்பன் இருக்கிறாரா இல்லையா

சாலைப்புதூர் எஸ்தர் டீச்சர், வாட்ஸ்அப்பில் வரும் புளுகுகளைச் சரிபார்த்து எழுத இணையத்தில் ஒரு சின்ன விக்கி தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், திருத்தலாம் என்று அறிவித்தார். அதில்தான் வந்தது வினை. தையல்காரர் கோமதிநாயகம், ஜவுளிக்கடை உலகம்மாள், டியூஷன் எடுக்கும் பேச்சிமுத்து என்று மூன்று பேர் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். மூவருக்கும் அக்கறை நிறைய. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

"மூலம் இல்லாம ஒரு வரிகூட எழுதக் கூடாது," என்றார் டீச்சர், முதல் நாளே.

மூவரும் வெளியே வந்து யோசித்தார்கள்.

"எனக்கு இல்லையே," என்றார் கோமதிநாயகம் கவலையாக.

"எனக்கும் இல்ல அண்ணாச்சி. எங்க மச்சானுக்கு இருக்கு. அஞ்சு வருசமாப் பாடாப் படுத்துது," என்றான் பேச்சிமுத்து.

மறுநாள் மச்சானைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்கள். அவரால் உட்கார முடியவில்லை. நின்றபடியே இரண்டு வரி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். மூலம் என்றால் செய்தி முதலில் எங்கிருந்து கிளம்பியதோ அந்த இடம் என்று விளக்கினார். விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்த ஒரு வாரம் வெளியூர் போனார்.

அந்த வாரம் பார்த்து, மைக் செட் ஆவுடையப்பன் காலமாகிவிட்டார் என்ற செய்தி படத்தோடு ஊரைச் சுற்றியது. கோயில் கொடை விழாவுக்கு அவரிடம் மைக் செட் சொல்லியிருந்தவர்கள் வேறு ஆளைப் பேசிவிட்டார்கள். ஆவுடையப்பன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நான் உசிரோட இருக்கேன்னு எழுதுங்க தாயி. பொழப்பு போகுது."

உலகம்மாள் தாளைப் பார்த்தாள். "சம்பந்தப்பட்டவங்க சொல்றத அப்படியே ஏத்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க சம்பந்தப்பட்டவங்களா?"

"செத்ததே நான்தானே தாயி."

"அவரே ஒத்துக்கிட்டாரு, எழுதிக்கோ," என்றார் கோமதிநாயகம்.

பேச்சிமுத்து மட்டும், மூலத்தைத் தேடாமல் எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்றான். ஒவ்வொரு போனாக விசாரித்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தான். கடைசியில் செய்தி கோமதிநாயகத்தின் போனில் போய் நின்றது.

"கடை பூட்டிக் கெடக்கே, ஆவுடையப்பன் செத்துட்டாரான்னு ஒருத்தன் கேட்டான். சரிபார்க்கச் சொல்லி ஊருக்கே அனுப்புனேன். கேள்விக்குறி மட்டும் விட்டுப்போச்சு," என்றார் அவர்.

"நம்ம ஆளா அனுப்புனது? அப்ப நம்பகமான மூலம்தான்," என்றாள் உலகம்மாள் நிம்மதியாக.

"ஆனா இப்பக்கூட அவரு டீ குடிச்சிட்டிருக்காரே," என்றான் பேச்சிமுத்து.

ஓட்டெடுப்பு நடந்தது. கோமதிநாயகம் செத்தார் என்றார். பேச்சிமுத்து இருக்கிறார் என்றான். தாளில் நடுநிலை வேண்டும் என்று இருந்ததால் உலகம்மாள் இரண்டு பக்கமும் சேரவில்லை.

"யாரு வேணும்னாலும் சேரலாமே. நீங்களே சேந்து ஒரு ஓட்டப் போடுங்க அண்ணாச்சி," என்று டீ குடித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனைக் கூப்பிட்டான் பேச்சிமுத்து.

ஆவுடையப்பன் சேர்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்த செய்திகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுமையாகப் படித்தார். அரை மணி நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டார்.

"முந்நூறு பேருக்கு மேல அனுப்பியிருக்காக. நான் ஒருத்தன்தான் வேற மாதிரிச் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்," என்றவர், செத்தார் பக்கம் கையைத் தூக்கினார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எத்தனை மணிக்கு எடுக்காகளாம்?"